“சுருக்கமா சொல்லுங்க சார்”: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் கடிதமும் ஆலோசகரின் பதிலும்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

முதலில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை முழுசாகச் சொல்லிமுடிக்க ஒரு இடம் கிடைக்காதா என்றுதான் கொஞ்ச காலமாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

1958ல் பிறந்தவன். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா மில் தொழிலாளி, மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும், அதனால் ஊர் தூங்கும்போது வேலைக்குக் கிளம்புகிற வாழ்க்கை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டே பரீட்சை எழுதி 1981ல் தெற்கு ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்தேன். திருச்சியில் பயிற்சி, அப்புறம் மதுரைக் கோட்டத்தில் போஸ்டிங். 2018ல் 60 வயது முடிந்த மாதக் கடைசியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

நடுவில் நான் இருந்த ஸ்டேஷன்கள் நிறைய. சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, மலையடிவாரத்தில் பகவதிபுரம், கடலோரத்தில் மண்டபம், பாம்பன். பகவதிபுரத்தைத் தாண்டினால் குகை, குகையைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளா. மேடு ஏறுவதற்கு வண்டிக்குப் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டுவார்கள். பாம்பனில் நேர்மாறாக, எல்லாம் சமதரை, ஆனால் காற்று. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியைக் கடல் பாலத்தில் ஏற்றக்கூடாது என்பது அப்போதைய விதி. ராமேஸ்வரம் போய்த் திரும்புகிற யாத்திரைக் கூட்டம் முழுக்க ஸ்டேஷனில் நின்று என்னைத் திட்டும், காற்று குறைகிறவரைக்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது. திட்டு வாங்கியே பழக்கம்.

என் வேலை என்ன என்று கேட்டால் எல்லோரும் கொடி காட்டுவது, டிக்கெட் கொடுப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், அதுவும் ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். நான் ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமென்றால் அடுத்த ஸ்டேஷன்காரரிடம் லைன் கிளியர், அதாவது பாதை காலி, அனுப்பலாம் என்கிற சம்மதம் கேட்க வேண்டும். மேஜையில் பிளாக் கருவி இருக்கும். ஒரு மணி அடித்தால் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். இரண்டு அடித்தால் லைன் கிளியர் கேட்கிறேன். மூன்று அடித்தால் வண்டி கிளம்பிவிட்டது. நான்கு அடித்தால் வந்து சேர்ந்துவிட்டது. ஆறு அடித்தால் ஆபத்து. அந்தப் பக்கத்து ஆள் சம்மதித்தால்தான் என் கருவியிலிருந்து ஒரு இரும்புப் பந்து வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். நிற்காமல் போகிற வண்டியென்றால் பாயிண்ட்ஸ்மேன், அதாவது தண்டவாளத்தை மாற்றிவிடுகிற ஊழியர், பிளாட்பாரத்தில் நின்று வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார், ஓடுகிற எஞ்சினிலிருந்து டிரைவரோ பயர்மேனோ கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு பழைய வளையத்தைக் கீழே போடுவார். அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த டிரைவரும் ஸ்டேஷனைத் தாண்ட மாட்டார். அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பந்தைக் கருவிக்குள் போட்டால்தான் பாதை மறுபடி காலி. அத்தனையும் ரிஜிஸ்டரில் நிமிஷக் கணக்கோடு எழுத வேண்டும்.

ஒரு ராத்திரி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஐப்பசி மழை. பாசஞ்சர் வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது. லைன் கிளியர் வாங்கியாகிவிட்டது. கேட்மேனைப் போனில் கூப்பிட்டு, கேட் அடைத்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக அவரிடமிருந்து ஒரு ரகசிய எண், பிரைவேட் நம்பர், வாங்க வேண்டும். போன் எடுக்கவில்லை. மறுபடி சுற்றினேன், எடுக்கவில்லை. டிரைவரிடம் எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து மெதுவாகப் போகச் சொல்லி அனுப்பிவிடலாம், விதியில் இடம் இருக்கிறது. எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. பாயிண்ட்ஸ்மேனிடம் டார்ச்சும் கோணிச்சாக்கும் கொடுத்து தண்டவாளத்தோடேயே நடந்துபோய்ப் பார்க்கச் சொன்னேன். வண்டி நிற்கிறது, மேலிடத்திலிருந்து போன் மேல் போன், ஏன் அனுப்பவில்லை, ஏன் அனுப்பவில்லை. ஜனங்கள் இறங்கி வந்து கத்துகிறார்கள். பாயிண்ட்ஸ்மேன் தெப்பலாக நனைந்து ஓடிவந்து சொன்னார், கேட்டுக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் உடைத்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி, மண் எல்லாம் போய், ஸ்லீப்பர் கட்டை அந்தரத்தில் தொங்குகிறது என்று. போன் கம்பமும் அதோடு சாய்ந்திருக்கிறது. அந்த வண்டியில் சாக்குமூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள், தலைதீபாவளிக்குப் போகிற ஜோடி, கைக்குழந்தைகள் எல்லாம் இருந்தார்கள். விடிந்ததும் கேங் ஆட்கள் வந்து சரிசெய்தார்கள், வண்டி போய்விட்டது. வண்டி தாமதமானதற்கு என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக்கொடுத்தேன், அதோடு சரி. விபத்து நடந்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும். நடக்காததால் அப்படி ஒரு ராத்திரி இருந்ததே யாருக்கும் தெரியாது.

கல்யாணம் 1985ல். மனைவி திருவில்லிபுத்தூர்க்காரி. ஒரு மகள், ஒரு மகன். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் எங்களைச் சென்னைக்குக் கூட்டிவந்துவிட்டான். மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. மருமகளும் வேலைக்குப் போகிறாள். பேரன் இரண்டாம் வகுப்பு. பென்ஷன் வருகிறது, பணத்துக்குக் குறையில்லை. யாரும் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் நான் சரியாக இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விடிகிறவரை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பகலில் தூங்கிவிடுகிறேன். பால் எத்தனை மணிக்கு வந்தது, தண்ணீர் லாரி எப்போது வந்தது, பேரனின் ஸ்கூல் வேன் எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிவருகிறேன். வேன் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பேரனைக் கிளப்பச் சொல்லி நிற்பேன். மருமகள், “மாமா, நான் பார்த்துக்கிறேன்” என்று மெதுவாகத்தான் சொல்கிறாள், ஆனால் முகம் மாறிவிடுகிறது. மகன் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க இன்னும் டியூட்டியிலேயே இருக்கீங்க” என்றான். பேரன் மட்டும் ஒருநாள், “தாத்தா, அந்த இரும்புப் பந்தை வெச்சு விளையாடலாமா?” என்று கேட்டான். அதற்குள் வீட்டுப்பாடம் எழுதக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போன பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்று வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம். ஒருவர் பேங்க் மேனேஜர், ஒருவர் வெளிநாட்டில் இருந்தவர், ஒரு அம்மா ஹெட்மிஸ்ட்ரஸ். என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் என்றேன், அந்த மழை ராத்திரியைச் சொல்ல ஆரம்பித்தேன். பாயிண்ட்ஸ்மேனை அனுப்பிய இடத்துக்கு வரும்போது செயலாளர் தம்பி, “சுருக்கமா சொல்லுங்க சார், இன்னும் நிறைய பேர் இருக்காங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு சாயங்காலம் கீழே இறங்கி நடப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். என் மனைவிக்கு இங்கே சிநேகிதிகள் இருக்கிறார்கள், கோலாட்டம், பஜனை, பேரனுக்குச் சமையல் என்று அவள் பாட்டுக்கு இருக்கிறாள். ஓய்வு பெற்றது நான் மட்டும்தான் போல.

சில நாள் விடியற்காலையில், இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. இது வியாதியா, இல்லை வயசானால் எல்லோருக்கும் வருவதா? பழசையே நினைத்துக்கொண்டிருப்பது மறதி நோயின் ஆரம்பம் என்று யாரோ சொன்னார்கள், அதுவும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், சென்னை

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை ஒரு இடத்தில்கூட வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அந்த மழை ராத்திரி முழுசாகவே இருக்கட்டும்.

கடைசியில் எழுதியிருந்த வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரமானது. இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுவதாகச் சொல்கிறீர்கள். அது அலுப்பில் வந்துபோகிற நினைப்பா, அல்லது உயிரை விட்டுவிடலாம் என்கிற அளவுக்குப் போகிறதா? உங்களிடம் நேராகவே கேட்கிறேன், நீங்களும் உங்களுக்கு நீங்களே நேராகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குப் போகிறது என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இப்போதே மனைவியையோ மகனையோ எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி எந்த நேரமும் கிடைக்கும், விடியற்காலை 3 மணியானாலும் தமிழிலேயே பேசலாம். ஆபத்துக்கு ஆறு முறை மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கத் தயங்காதவர் நீங்கள். வீட்டிலும் தயங்க வேண்டாம்.

அது வெறும் அலுப்புதான் என்றாலும், இந்த மாதமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். உங்களிடம் ரயில்வே மருத்துவ அட்டை இருக்கும், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்குப் போய் முதலில் பொது மருத்துவரிடம் காட்டுங்கள். 2 மணிக்கு முழிப்பு வருவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டாம். 37 வருஷம் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்த உடம்பில் தூக்கத்தின் கடிகாரம் குழம்பிப்போயிருக்கும், வயதானால் முழிப்பு இன்னும் சீக்கிரம் வரும். சர்க்கரை, புராஸ்டேட், தைராய்டு இவற்றில் ஏதாவது இருக்கலாம். சிறுநீர் கழிக்க எழுந்து அப்படியே தூக்கம் கலைகிறதா என்பதை நினைவாகச் சொல்லுங்கள். மனச்சோர்வின் ஒரு முக்கியமான அடையாளமும் இப்படி அதிகாலையில் முழிப்பு வருவதுதான். நடையை நிறுத்திவிட்டேன், ஆட்களைப் பார்ப்பதில்லை, விடியற்காலையில்தான் மனசு கனக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இதோடு பசியும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதென்றால், வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. வயோதிகத்தில் வரும் மனச்சோர்வு நன்றாகக் குணமாகக்கூடியது. மருந்து தேவையா, பேச்சு சிகிச்சை போதுமா என்பதை மனநல மருத்துவர் சொல்லட்டும். அதுவரை நீங்களே செய்யக்கூடியவை இரண்டு: பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், காலை வெயில் முகத்தில் படும்படி கீழே போய் நடங்கள். ராத்திரி முழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் பார்க்காதீர்கள்.

காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது மந்தமாவதுண்டு. காது சரியாகக் கேட்காதவர்களில் சிலர் கூட்டத்தில் கொஞ்சம் நீளமாகப் பேசுவதுண்டு, தாமே பேசுவது அடுத்தவர் பேச்சைப் பிடிப்பதைவிடச் சுலபம். உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை. பார்த்துவிடுவது நல்லது.

மறதி நோய் பயத்துக்கு வருகிறேன். பழசை நினைப்பது மட்டுமே மறதி நோய்க்கு அடையாளம் கிடையாது. மணி எத்தனை அடித்தால் என்ன அர்த்தம் என்பதிலிருந்து பேரனின் ஸ்கூல் வேன் வரை வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தைப் படித்தவரை அந்தப் பயத்துக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. இருந்தாலும் மருத்துவரிடம் இதையும் கேட்டு நிம்மதியாகிக்கொள்ளுங்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963லேயே இதைப் பற்றி எழுதினார். அதற்கு முன்னால், கிழவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தேய்வதன் அடையாளமாகவே மருத்துவர்கள் பலரும் பார்த்தார்கள். பட்லர் அப்படியில்லை என்றார். வாழ்க்கையின் பின்பகுதியில் மனசு தானாகவே பழைய கணக்குகளை எடுத்துப் புரட்டும், எது சரியாக நடந்தது, எது பாக்கி நிற்கிறது என்று பார்க்கும், அது இயல்பு, தேவையும்கூட என்றார். இன்று முதியோருக்கான மனநல சிகிச்சையில் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவைப்பது ஒரு முறையாகவே இருக்கிறது. நீங்கள் யாரும் சொல்லாமலே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் ஏன் இது உங்களுக்கு ஆறுதல் தரவில்லை? என் கருத்தைச் சொல்கிறேன். வேலை போய்விட்டது, பதவி போய்விட்டது, அதனால் வருத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பொழுதுபோக்கு தேடிக்கொள்ளுங்கள், கோயிலுக்குப் போங்கள், செடி வளருங்கள் என்பார்கள். உங்களுக்கு அது உதவாது என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் அதிகாரத்தை நினைத்து ஏங்குவதாகத் தெரியவில்லை. சால்வை, மாலையை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். ஆனால் பிளாக் கருவியைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தே மாறிவிடுகிறது. நடுராத்திரியில் ஆளில்லாத ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் மணி அடித்தால் சில மைல் தள்ளி இன்னொரு ஆள் விழித்திருந்து பதில் அடிப்பார். கேட்டால் பதில் வரும். 37 வருஷம் அப்படி இருந்துவிட்டு, இப்போது நாள் முழுக்க ஆட்கள் நிறைந்த வீட்டில் யாரும் பதில் அடிக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டத்தில் அந்தச் செயலாளர் தம்பி பேச்சை நிறுத்தியதும் உங்களுக்கு இவ்வளவு வலித்தது அதனால்தான். அவர் தலைக்கு இரண்டு நிமிஷம் என்று கணக்குப் போட்டிருப்பார், அந்த இடத்தில் அந்தக் கதைக்கு நேரமில்லை, அவ்வளவுதான். அந்த ராத்திரிக்கு மதிப்பில்லை என்று அவர் சொல்லவில்லை.

ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். லைன் கிளியர் என்பது கேட்டு வாங்குவது. நீங்கள் எவ்வளவு பெரிய ஸ்டேஷனின் மாஸ்டராக இருந்தாலும் அந்தப் பக்கத்து ஆள் சம்மதிக்காமல் வண்டியை அனுப்ப முடியாது. வீட்டில் அப்படியா நடக்கிறது? வேன் வருவதற்கு முன்னாலேயே பேரனைக் கிளப்பச் சொல்லி நிற்கிறீர்கள். மருமகள் “நான் பார்த்துக்கிறேன்” என்கிறார். அந்தப் பிரிவு அவருடைய பொறுப்பில் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஒருநாள் சாவகாசமாக அவரிடமே கேளுங்கள்: “அம்மா, காலையில் எந்த வேலையை நான் எடுத்துக்கொண்டால் உனக்குச் சுலபமாக இருக்கும்?” அவர் ஒன்றைச் சொன்னால் அதை மட்டும் முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொண்டு சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். தண்ணீர் லாரி, பால் எழுதுகிற நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கோடையில் தண்ணீர் லாரிக் கணக்கு அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கே தேவைப்படும். அந்தத் தம்பியிடம் நீங்களே போய், லாரி வருகையைக் குறித்துத் தரவா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கூல் வேன் கட்டத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள், அது மருமகளைக் கண்காணிப்பது போல் ஆகிவிடுகிறது.

பேரன் கேட்டது ஒரு கேள்வி. உங்கள் நீண்ட கடிதம் முழுக்கத் தேடினேன், உங்களைப் பார்த்து உங்கள் வேலையைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். இரும்புப் பந்தை வைத்து விளையாடலாமா என்று கேட்டிருக்கிறான். விளையாடலாம். பழைய டென்னிஸ் பந்து ஒன்று, ஒரு பை, ஒரு வளையம் போதும். கூடம் ஒரு ஸ்டேஷன், படுக்கையறை ஒரு ஸ்டேஷன், கரண்டியால் டம்ளரில் தட்டினால் மணி. அவன் அந்தப் பக்கம் இருந்து சம்மதித்தால்தான் நீங்கள் பந்தைக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு. மழை ராத்திரியை அவனுக்கு உடனே சொல்ல வேண்டாம். அவனே ஒருநாள் “போன் எடுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க தாத்தா?” என்று கேட்பான், அப்போது சொல்லுங்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். உங்கள் வாழ்க்கைக் கதையில் பாயிண்ட்ஸ்மேன் இருக்கிறார், கேட்மேன் இருக்கிறார், டிரைவர் இருக்கிறார். உங்கள் மனைவி கல்யாண வருஷத்தில் ஒரு வரி வருகிறார், அப்புறம் பஜனைக்குப் போகும்போது வருகிறார். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் எங்கே இருந்தார்? சங்கரன்கோவிலிலும் பகவதிபுரத்திலும் பாம்பனிலும் அதே குவார்ட்டர்ஸில்தான் இருந்திருப்பார். நீங்கள் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்கும்போது இரண்டு குழந்தைகளைச் சத்தம் போடாமல் வைத்திருந்தவர் அவர்தானே. மாற்றல் வந்தபோதெல்லாம் பாத்திரம் பண்டத்தைக் கட்டியவர், புது ஊரில் பள்ளிக்கூடம் விசாரித்தவர், நீங்கள் டியூட்டியில் இருந்த மழை ராத்திரியில் மலையடிவாரத்திலோ கடலோரத்திலோ தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தவர். அந்த ராத்திரிகள் அவருக்கு எப்படி இருந்தன என்று நான் கற்பனைதான் செய்ய முடியும். உங்களால் கேட்க முடியும்.

ஓய்வு பெற்றது நான் மட்டும்தான் போல என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை, ஐயா, நீங்கள் நினைத்து எழுதியதைவிடப் பெரிய உண்மை. அவருக்கு 60 வயதில் யாரும் சால்வை போர்த்தவில்லை. பேரனுக்குச் சமைக்கிறார் என்றால் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். சிநேகிதிகள் இருக்கிறார்கள் என்பது அவர் உங்களை விட்டு விலகிப்போய்விட்டதற்கு அடையாளம் இல்லை. ஒவ்வொரு மாற்றலிலும் புது ஊரில் புது முகங்களோடு பழகிக்கொள்ள வேண்டியிருந்ததே, அந்தப் பழக்கம்தான் இப்போது மேடவாக்கத்திலும் கைகொடுக்கிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் அதே கருவி, அதே ரிஜிஸ்டர் இருந்தது. அவருக்கு அப்படி எதுவும் இல்லை.

அதனால் ஒரு சாயங்காலம், பேரன் விளையாடப் போயிருக்கும் நேரத்தில், அவருக்கும் ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: “பகவதிபுரத்துல இருந்தோமே, உனக்கு எப்படி இருந்துச்சு?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் முதலில், இப்போ எதுக்கு அது என்பார். விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எதிர்பார்க்காத பதிலும் வரலாம், பழைய கோபம் ஏதாவது வெளியே வரலாம். அப்போது விளக்கக் கடிதம் எழுத வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வருகிறது, விடியற்காலையில் மனசு கனக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அவரிடம் இதைச் சொன்னதாக எங்கேயும் இல்லை. ஒரே அறையில் படுத்திருப்பவருக்கு நீங்கள் எழுந்துபோவது தெரியாமல் இருக்காது, அவரும் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் கதையைச் சொல்ல ஆள் வேண்டும் என்கிறீர்களே, அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் வேலையை விளக்காமலே புரிந்துகொள்கிறவர்கள் சென்னையிலேயே இருப்பார்கள், ரயில்வே ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். கூட வேலை பார்த்தவர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் போன் போடுங்கள், முக்கியமாக அந்தப் பாயிண்ட்ஸ்மேன் இருக்கிறாரா என்று. அந்த ராத்திரியை அறிந்த இன்னொரு ஆள் அவர். கதையை எழுதியும் வையுங்கள், இதே நடையில், ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு நோட்டு. எழுதியதை மனைவியிடம் படித்துக்காட்டி, விட்டுப்போனதை அவரைச் சொல்லச் சொல்லி சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் கேஜ் போய்விட்டது, பந்து டோக்கனைக் கையில் வாங்கிய தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது, இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டியவை என்று ரயில்வேயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நானே நினைக்கிறேன்.

சாயங்கால நடையை மறுபடி தொடங்குங்கள். கீழே அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவையோ பேங்க் மேனேஜரையோ பார்த்தால் உங்கள் கதையோடு தொடங்க வேண்டாம், அவர்கள் முதல் போஸ்டிங் எந்த ஊர் என்று கேளுங்கள்.

முதலில் மருத்துவமனைக்குப் போய் வாருங்கள், தனியாகப் போகாமல் மனைவியையோ மகனையோ கூட அழைத்துப் போங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பகவதிபுரத்தைப் பற்றி அம்மா என்ன சொன்னார் என்பதையும் அவர் சம்மதித்தால் அதிலேயே எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆலோசகர்